டுல்டுங் இருந்தாலும் படிக்கலாம்

"எங்களிட்டை விசா இல்லை, டுல்டுங் மட்டும்தான். பிள்ளை பல்கலைக்கழகம் போகேலுமோ?" போகலாம். ஹாலே மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகம் பார்ப்பது சான்றிதழையும் ஜேர்மன் மொழி அறிவையும்தான். ஊர்ச் சான்றிதழ் போதாவிட்டால், ஹாலேயிலேயே உள்ள ஸ்டூடியன்கொலெக்கில் ஒரு வருடம் படித்துப் பரீட்சை எழுதலாம். டுல்டுங் தாளில் "படிக்க அனுமதியில்லை" என்று எழுதியிருந்தால், முதலில் வக்கீலிடம் காட்டுங்கோ.

காசுக்கு என்ன செய்வது? பாஃபெக் என்ற அரச உதவிக்கு டுல்டுங் உள்ளவர்கள் முன்னர் 4 வருடம் காத்திருந்தார்கள். 2016 ஜனவரி முதல், தொடர்ந்து 15 மாதம் இங்கு இருந்தால் போதும். அகதி வழக்கு நடந்த மாதங்களும் சேரும். பாதி இலவசம், மீதி வட்டியில்லாக் கடன்.

கவனிக்க: விண்ணப்பித்த மாதத்துக்கு முந்திய காசு கிடைக்காது. கடதாசிகள் குறைந்தாலும், படிப்புத் தொடங்கும் மாதத்துக்குள் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை ஸ்டூடென்டன்வெர்க்கில் கொடுத்துவிடுங்கோ. மிச்சத்தைப் பிறகு கொடுக்கலாம்.

எந்தப் பதிவுமே இல்லாதவர்கள் நேரே அலுவலகங்களுக்குப் போகவேண்டாம். உதவி கொடுக்கும் அலுவலகம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது. முதலில் அகதிகள் ஆலோசனை நிலையத்துக்கு வாருங்கோ.