கூட்டத்தின் ஓசை: இயானிஸ் ஸெனாகிஸின் இசை குறித்து

'இது இசையா, வெறும் இரைச்சலா?' ஸெனாகிஸை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். கணக்குப் போட்டு இசை பண்ணினவர், மனுஷ வாடையே கிடையாது என்று ஒதுக்குவோரும் உண்டு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1922இல் ருமேனியாவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஏதென்ஸில் பொறியியல் மாணவராக இருந்தபோது நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இடதுசாரி விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். ஜெர்மானியர் வெளியேறிய பிறகு, 'நேச நாடான' பிரிட்டன் அந்தப் போராளிகள்மீதே துப்பாக்கியைத் திருப்பியது. 1944 டிசம்பரில் தொடங்கிய அந்த மோதலில் பிரிட்டிஷ் டாங்கிக் குண்டின் சிதறல் பாய்ந்து அவரது இடது கண் போயிற்று. 1947இல் பாரிசுக்குத் தப்பினார். அவர் இல்லாமலே கிரேக்கத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ராணுவ ஆட்சி வீழ்ந்த 1974இல்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது.

ஏதென்ஸ் ஊர்வலங்களில் தான் கேட்டதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஆயிரம் தொண்டைகள் ஒரே தாளத்தில் கோஷமிடுகின்றன. புதிய கோஷமொன்று முன்வரிசையில் எழுந்து பின்வரிசைக்குப் பரவுகிறது. சுடுகிறார்கள். தாளம் உடைந்து கூச்சல் சிதறுகிறது. பிறகு மயான அமைதி. எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆனால் ஒழுங்கிலிருந்து குலைவுக்குப் போகும் அந்த மாற்றத்துக்கு ஒரு விதி இருக்கிறது. இதைப் பிடிக்கத்தான் அவருக்கு நிகழ்தகவுக் கணிதம் தேவைப்பட்டது.

1955இல் அரங்கேறிய 'மெட்டாஸ்டாசிஸ்' படைப்பில் 46 தந்திக் கலைஞர்கள். ஒரே சுரத்தில் தொடங்கி ஆளுக்கொரு திசையில் வழுக்கிப் பிரிகிறார்கள். வழக்கமான இசைக்குழுவில் பத்துப் பேர் ஒரே வரியை வாசிப்பார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் தனி வரி. 1957இல் அரங்கேறிய 'பித்தோப்ராக்டா'வில் வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவலைச் சொல்லும் சூத்திரம் ஒலிகளின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. தனித்தனி மூலக்கூறின் போக்கு தெரியாது. மொத்தத்தின் வெப்பம் தெரியும்.

கூட்டம் என்றாலே தனிமனிதன் காணாமல் போய்விடுவான் என்று இலக்கியவாதிகள் அஞ்சுகிறார்கள். ஸெனாகிஸின் கூட்டத்தில் யாரும் இன்னொருவரின் நகல் இல்லை. வேறுபாடுகளால்தான் அந்தத் திரளே உண்டாகிறது. இதில் நமக்குக் கற்க ஏதோ இருக்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். அந்த 46 பேரில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு சுரம் வாசிக்கச் சுதந்திரம் இல்லை. எல்லா வரிகளையும் எழுதியது ஒரே கை. தெருவில் கோஷம் பரவியபோது அப்படி எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. கூட்டத்தின் விதியைக் கண்டறிவது ஒன்று, அதை எழுதித் தருவது வேறு. இயக்கங்களில் இருக்கிற நமக்கு இந்த வித்தியாசம் புதுசா என்ன?