சைக்கிளுக்கு நூல் விடுங்க!

கனகசெட்டிக்குளம் என்றதும் உங்களில் சிலருக்கு நாக்கில் எச்சில் ஊறுவது எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து ஈ.ஸி.ஆரில் வந்தால் புதுச்சேரி மண் ஆரம்பிக்கிற ஊர் ஆயிற்றே! ஆனால் ஸார், நான் சொல்ல வந்த 'பார்' வேறே. சைக்கிள் பார்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னைப் பையன்கள் ஹெல்மெட், இறுக்கமான டிராயர் சகிதம் மிதித்து வந்து இந்தப் பக்கம் டீ குடிக்க நிற்பார்கள். அதில் ஒருத்தன் தன் சைக்கிளைச் சும்மா ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தான். அதுவும் இரும்பு ஃபிரேம்தான். எங்க தாத்தாவின் சைக்கிளை அப்படித் தூக்கினால் இடுப்புக்குத் தைலம் தேட வேண்டியிருக்கும்.

எனக்கு இந்த ஆராய்ச்சி சும்மா வரவில்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பெயின்ட் பளபளா! மூன்றாவது வாரம், காலாப்பட்டு வேகத்தடையில் ஏறி இறங்கியதும், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற பெரிய குழாய் 'பட்'டென்று பிளந்தது. மணிக்கட்டில் 6 வாரம் மாவுக்கட்டு. லீவு தீர்ந்துபோய் சம்பளத்தில் பிடித்தம் வேறு.

உடைந்ததைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "வாங்கும்போதே அடியில தடவிப் பார்த்திருக்கணும் தம்பி. இது எதிலயோ மோதி ஏற்கெனவே புடைச்ச குழாய். மேல பெயின்ட் அடிச்சு உங்க தலையில கட்டிட்டான்."

இரும்பில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே அளவுள்ள குழாய் என்றால் மட்ட ரக இரும்பும் உசத்தி ரகமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளைந்துகொடுக்கும். பாரத்தை எடுத்ததும் திரும்ப நிமிர்கிறதா என்பதில்தான் வித்தியாசம். மட்டமானது சீக்கிரமே கோணிக்கொண்டு நின்றுவிடும். குரோமியமும் மாலிப்டினமும் துளித்துளி சேர்த்தது (கடைக்காரர் பாஷையில் 'குரோமோலி') இன்னும் அதிக பாரத்தைத் தாங்கிவிட்டு நிமிரும். ஆகவே குழாயின் சுவரை மெல்லிசாக இழுக்கலாம். உசத்தி இரும்பு லேசானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடை ஒன்றுதான், கொஞ்சமாகப் போட்டால் போதும், அவ்வளவே.

மெல்லிசு என்றால் முழுக்க மெல்லிசு இல்லை. குழாய்கள் சேருகிற நுனியில்தான் சூடும் அழுத்தமும் அதிகம். பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த ரெனால்ட்ஸ் கம்பெனியின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ், 1897-ல் ஒரு வழி கண்டு காப்புரிமை வாங்கினார். வெளியே பார்க்க ஒரே பருமன், உள்ளே நுனிகள் தடிமன், நடுப்பகுதி மெல்லிசு. ஒரு ரகத்தில் நுனி 0.8 மில்லிமீட்டர் என்றால் நடுவே 0.5. அந்தக் கம்பெனியின் 531 என்ற பிரசித்தமான குழாய் 1935-ல் வந்தது. ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்சட்டத்துக்கே அதைப் போட்டார்கள்!

நமக்கும் அதற்கும் தூரத்து உறவு உண்டு. ரெனால்ட்ஸை 1928-ல் வாங்கிய இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான், முருகப்பா குழுமத்துடன் சேர்ந்து 1949-ல் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தது. ஆனாலும் நம்ம பால்காரர் சைக்கிளுக்குக் கிடைத்தது சாதாரண கனத்த குழாய்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். நெல் மூட்டை ஏற்ற வேண்டும், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்ட வேண்டும். அதற்கு அதுதான் சரி.

நல்ல குழாயையும் பற்றவைக்கிறவர் கெடுத்துவிடலாம். பித்தளை ஒட்டு என்றால் சுமார் 900 டிகிரி சூடு போதும், இரும்பு உருகாது. மெல்லிசுக் குழாயில் வேண்டாத நேரம் நெருப்பைக் காட்டினால், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே பலம் போய்விடும்.

அடுத்தது நேர். இங்கேதான் நூல்! பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காருகிற ஒரு பக்கக் காடியில் நூலைக் கட்டுங்கள். முன்னால் கொண்டுபோய் ஹேண்டில்பார் குழாயைச் சுற்றி, மறுபக்கக் காடியில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போகட்டும். அதற்கு மேல் என்றால், "அப்புறம் வர்றேண்ணே" என்று நழுவிவிடுங்கள். (வேறு இடங்களில் நூல் விட்டு அடி வாங்கியவர்களுக்கு இது பரவாயில்லை!)

ஹேண்டில்பாரை ஒட்டி கீழ்க் குழாயின் அடியைத் தடவுங்கள். மேடு தட்டினாலோ, பெயின்ட் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தாலோ சைக்கிள் எங்கோ முட்டியிருக்கிறது. காடி வெறும் தகடாக வெட்டியதா, அடித்து வார்த்ததா என்றும் பாருங்கள். தகடு சுலபமாகக் கோணும்.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் குழாய் உள்ளிருந்துதான் அரிக்கும். வருஷம் ஒரு தடவை சீட் தண்டை உருவி, உள்ளே எண்ணெய் விட்டு, தண்டுக்கு கிரீஸ் தடவிச் செருகுங்கள். எங்க மாமா 11 வருஷம் தொடவே இல்லை. போன தீபாவளிக்கு சீட்டை உயர்த்தப் போனார். சுத்தியல், மண்ணெண்ணெய், இரண்டு மச்சான்கள் எல்லாம் தோற்று, கடைசியில் ஆக்ஸா பிளேடுதான் ஜெயித்தது!