கட்டத்தில் நிற்கும் கட்டைப் பொம்மை

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவது ‘ரோல்பிளேயிங்’ ஆட்டம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு முன்னோடி. நடத்துநர் சூழலைச் சொல்வார். ஆடுபவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பார்கள். அது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். சண்டை மூண்டால் யார் எங்கே நிற்கிறார், எதிரி எத்தனை கட்டம் தள்ளியிருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான் சிறு உருவப் பொம்மைகள்.

வழக்கமான பொம்மைகள் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ 28 மி.மீ. அளவில் வருகின்றன. பெரும்பாலும் வர்ணம் தீட்ட வேண்டும். கையிலுள்ள வாளை மாற்ற முடியாது. லெகோ நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த மனிதப் பொம்மைக்கு இந்தக் குறை இல்லை. சுமார் 4 செ.மீ. உயரமுள்ள அதன் தலை, முடி, உடல், கால் எல்லாம் கழன்று மாறும். கதையில் வீரனுக்கு ஈட்டி கிடைத்தால், பொம்மையின் கையிலும் அப்போதே ஈட்டியைச் செருகலாம்.

கணக்கும் எளிது. லெகோ கட்டையின் மேலுள்ள குமிழ்களுக்கு இடையே 8 மி.மீ. தூரம். மூன்று குமிழ் சேர்ந்தால் 24 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம். இந்த ஆட்டத்தின் வழக்கமான கட்டமும் ஓர் அங்குலம்தான். ஆனால் வாளும் கேடயமும் ஏந்திய பொம்மைகள் அதில் இடித்துக்கொள்ளும். நான்கு குமிழை ஒரு கட்டமாகக் கொண்டால் தாராளமாக நிற்கும். பக்கத்துக்கு 32 குமிழுள்ள அடித்தட்டில், சதுரங்கப் பலகைபோல் 64 கட்டங்கள் அமையும்.

கொலுப்படிக்கு முன்னால் பார்க் கட்டிப் பழகிய கைகளுக்குக் களம் அமைப்பது கடினமில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்ட ராயபுரம் நிலையத்தையே களமாக்கலாம். உருளைக் கட்டைகளை அடுக்கினால் தூண் வரிசை. சாம்பல் தட்டுகளைப் பரப்பினால் நடைமேடை. மூன்று தட்டின் கனம் ஒரு கட்டையின் உயரம் என்பதால் படிகளும் சரியாக அமையும். கூரை போடாமல், சுவரை நாலைந்து வரிசையோடு நிறுத்துவது நல்லது; பொம்மையை நகர்த்தக் கை உள்ளே போக வேண்டும். அடுத்த வாரம் கதை காசிமேட்டுக்குப் போனால், அதே கட்டைகள் படகும் படகுத்துறையுமாகிவிடும். ஒரே டப்பா எல்லாக் கதைக்கும் உதவுவதே இதன் பெரிய பலம். எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தாலே 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம்.

பொம்மைத் துறையோடு வடசென்னைக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் பொம்மை செய்யத் தொடங்கினார், அதுவே எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. அந்நிறுவனம் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், பின்னாளில் லெகோவையும் இந்தியாவில் விநியோகித்தது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ 1999-இல் வாங்கியது. ஆட்டத்தின் பொன்விழா ஆண்டான 2024-இல் லெகோ 3,745 துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதை வைத்தே ஆடுவதற்கு ஒரு கதையும் எழுதப்பட்டது.

தொடங்குவதற்கு அவ்வளவு பெரிய தொகுப்பு தேவையில்லை. வீட்டிலுள்ள கட்டைகளும் ஆளுக்கொரு பொம்மையும் போதும். வெவ்வேறு கம்பெனிக் கட்டைகள் ஒன்றோடொன்று இறுகப் பிடிக்கின்றனவா என்று முதலில் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் வீட்டில், ஆட்டம் முடிந்ததும் சிறு துண்டுகளை எண்ணி எடுத்து வைப்பது அவசியம்.