ஓரியூர் மண் நடத்தும் பாடம்

இராமேஸ்வரம் சாலையில் மண்டபத்துக்குச் சற்று முன்னால் வேதாளை என்ற கடலோர ஊர் இருக்கிறது. பாம்பன் பாலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். 1549-ல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இளம் இத்தாலியக் குரு இங்கேதான் குத்திக் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவர். அவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியத் தளபதி, சேதுவில் நீராட வந்த யாத்ரீகர்களை மறித்து வரி பறித்தார். காசியிலிருந்து நடந்துவந்த ஒருவருக்கு அந்த நீராடல் எவ்வளவு பெரியது என்பது அந்தத் தளபதிக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ஆத்திரத்தோடு தெலுங்கு பேசும் வடுகர் படை பாய்ந்தபோது, கிறிஸ்தவப் பரவர் குடும்பங்களைப் படகேற்றிவிட்டுப் போகலாம் என்று கரையில் நின்ற கிரிமினாலி பலியானார்.

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களுக்காகக் கிறிஸ்தவக் கல்லூரிகள் இன்று பண்பாடு கடந்த கல்வி என்றொரு படிப்பு நடத்துகின்றன. மானிடவியல், மொழியியல், சமய ஒப்பீடு, களப்பணி எல்லாம் அதில் உண்டு. இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் வேதாளையைத்தான் காட்டுவேன்.

கிரிமினாலிக்குப் பிறகு முத்துக்குளித்துறைப் பொறுப்பு அன்றீக் அடிகளாருக்கு வந்தது. 1546-ல் இந்தியா வந்த போர்த்துக்கீசியர் அவர். அவருக்கு முன் வந்த பிரான்சிஸ் சவேரியார், ஆள் வைத்து மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்து சொன்னார். அன்றீக் துபாசியை நம்பியிருக்க விரும்பவில்லை. மீனவர்களிடையே உட்கார்ந்து தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடைய உழைப்பு. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த மண்ணில் அச்சேறிய முதல் நூல்கள் அவர் கையால் வந்தவை.

அடுத்த நூற்றாண்டில் இந்தப் படிப்புக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது. கேரளத்தில் கொடுங்ஙல்லூர் பக்கத்திலுள்ள அம்பழக்காட்டில், மதுரை மிஷனுக்கு வரும் ஐரோப்பியக் குருக்கள் தங்கித் தமிழ் படித்தார்கள். அங்கே படித்து, 1674-ல் தமிழகத்துக்குள் நுழைந்தவர் ஜான் டி பிரிட்டோ. நமக்கு அவர் அருளானந்தர்.

லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர் அவர். இங்கே காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டார சுவாமியாக வாழ்ந்தார். அதற்கு முன் இராபர்ட் டி நொபிலி மதுரையில் பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்து பார்த்திருந்தார். அந்தக் கோலத்தில் எளிய சாதி மக்களிடம் போக முடியாது. பண்டாரத்துக்கு எல்லார் வீட்டு வாசலும் திறக்கும். எந்த உடை எந்த வாசலைத் திறக்கும், எதை மூடும் என்பதை ஊரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அருளானந்தர் அதை வேஷமாக வைத்துக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தார். அந்தச் சீமையின் மன்னர் கிழவன் சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து விடுவித்தார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று மட்டும் ஆணையிட்டார். பிறகு சபை வேலையாக லிஸ்பன் போனபோது, மன்னராகியிருந்த பழைய நண்பர் அங்கேயே இருக்கச் சொன்னார். அரண்மனையிலும் அருளானந்தர் காய்கறி உணவு உண்டார், தரையில் படுத்தார். 1690-ல் திரும்பி வந்துவிட்டார்.

வந்த இடத்தில் தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டார். சேதுபதி மரபைச் சேர்ந்தவர், மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலை, சேதுபதியின் உறவுப்பெண். அவள் அரண்மனைக்கு ஓடி முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

அவருடைய புனிதத்தை நான் தாழ்வாக எண்ணவில்லை. சாவு வரும் என்று தெரிந்தே திரும்பி வந்தவர் அவர். ஆனாலும் கடலையை நினைக்காமல் ஓரியூரைக் கடக்க என்னால் முடிவதில்லை. மறவர் சீமையில் திருமணம் என்பது பாளையங்களுக்கு இடையிலான உறவு, மானம், வாரிசுரிமை எல்லாம் சேர்ந்த கட்டு. அந்தக் கட்டை அவிழ்த்தபோது ஒரு பெண் வாழ்விழந்து நின்றாள். அவளுக்கு என்ன வழி என்று அந்தக் காலத்து எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. இந்தப் படிப்பின் மிகக் கடினமான பாடம் இதுவே என்று நினைக்கிறேன்.

படித்ததை அனுப்பியவர்களே ஏற்காமல் போவதும் உண்டு. தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே மிஷன் பொறுப்பில் இருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். 1867 வரை அது வெளிவரவில்லை. ஆனால் அதே ஹாலே பின்னாளில் ஒரு நல்ல மாணவரைத் தந்தது. இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த சூல்ட்ஸிடம் அங்கேயே தமிழ் கற்றுக்கொண்டு, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார் சுவார்ட்ஸ். வந்த பிறகும் தமிழ் நூல்களை ஆண்டுக்கணக்கில் வாசித்தார். பாரசீகமும் மராத்தியும் கற்றார். 1779-ல் ஆங்கிலேயர் தூது அனுப்ப ஆள் தேடியபோது ஹைதர் அலி நம்பி வரவேற்றது அவரைத்தான். 1785 வாக்கில் இராமநாதபுரத்தில் அவர் முயற்சியில் பள்ளி எழுந்தது. இராமேஸ்வரத்து அப்துல் கலாம் படித்தது சுவார்ட்ஸ் பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளியில்.

கலாம் தன் நூலில் ஒரு காட்சி எழுதியிருக்கிறார். மசூதியில் தொழுகை நடத்திய அவருடைய தந்தை ஜைனுலாப்தீன், இராமநாதசுவாமி கோயிலின் பட்சி லட்சுமண சாஸ்திரிகள், தேவாலயத்தின் போதல் பாதிரியார் மூவரும் உட்கார்ந்து ஊர்க் காரியங்களைப் பேசித் தீர்ப்பார்கள். பண்பாடு கடந்த அந்தப் பள்ளியில் பாடத்திட்டம் கிடையாது.

நம் பிள்ளைகளும் இன்று துறவு சபைகள் வழியாகவும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் ஆப்பிரிக்காவுக்கும் கிழக்காசியாவுக்கும் போகிறார்கள். இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள், விண்ணப்பம் போடுமுன் கல்லூரியிடம் சில கேள்விகள் கேளுங்கள். மொழிக்கு எத்தனை மாதம் ஒதுக்குகிறீர்கள்? நாங்கள் போகும் ஊரின் மக்கள் வீட்டில் தங்க வைப்பீர்களா? எங்களுக்கு மதிப்பெண் போடுவதில் அந்த மக்களுக்கு இடம் உண்டா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத கல்லூரி என்றால், கட்டணம் குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.