அமில அலமாரியின் சாவி யாரிடம்?

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு பாலிடெக்னிக்கில் சேரும் பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான் இருக்கும். கெமிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமோ எடுத்தால், இரண்டாம் ஆண்டுக்குள் அடர் கந்தக அமிலம், பென்சீன், பாதரசம், நீராவிக் குழாய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அதே பிள்ளை கடைக்குப் போய் ஒரு பாட்டில் அமிலம் கேட்டால் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அமிலம் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்திருக்கிறது. லேபில் கொடுப்பதைத் தவறென்று சொல்ல முடியாது, அந்தப் படிப்பே அப்படிப்பட்டது. ஆனால் கடைக்காரருக்கு இல்லாத ஒரு பொறுப்பைக் கல்லூரி அந்த நொடியில் ஏற்றுக்கொள்கிறது. அது என்ன பொறுப்பு, யார் தலையில் விழுகிறது என்பது பெற்றோருக்கும் தெரிவதில்லை, பல துறைத்தலைவர்களுக்கும் தெரிவதில்லை.

பெங்களூரின் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி, செயின்ட் தாமஸ் டவுன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் டிப்ளமோ படிப்புக்கு என்றும் மதிப்பு உண்டு. மூன்று வருடத்தில் கையில் ஒரு தொழில் இருக்கும். மேலே படிக்க வசதி வந்தால் டிசெட் தேர்வு எழுதி பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்துகொள்ளலாம். சென்னையில் சொந்தபந்தம் இருப்பவர்கள் தரமணியில் இருக்கும் அரசு இரசாயனத் தொழில்நுட்ப நிலையத்தையும் விசாரிப்பார்கள். சேர்க்கைக்குப் போகும்போது கட்டணம், பஸ், வேலைவாய்ப்பு என்று எல்லாம் கேட்போம். லேபில் கண் கழுவும் குழாய் இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கெமிக்கல் துறையைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

2013 ஜூலை 18 அன்று, லட்சுமி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடுகள் விதித்தது. அமில வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு என்பதால் கடைக்காரர்களைப் பற்றிய பகுதிதான் செய்திகளில் பெரிதாக வந்தது. கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் அதில் தனியாகச் சில கட்டளைகள் உண்டு. அமிலம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று ரிஜிஸ்டர் வைத்து, அதை உட்கோட்ட நடுவரிடம் (எஸ்.டி.எம்.) தாக்கல் செய்ய வேண்டும். இருப்புக்கும் பாதுகாப்புக்கும் ஒருவர் பொறுப்பாளியாக இருக்க வேண்டும், அவர் மேற்பார்வையில்தான் அமிலம் வைக்கப்பட வேண்டும். லேபை விட்டு வெளியேறும் மாணவர்களைச் சோதித்து அனுப்பவும் வேண்டும். விற்பனைக் கட்டுப்பாடுகளை மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அந்தப் பொறுப்பாளி யார் என்று எழுத்தில் இல்லாத கல்லூரியில், ஏதாவது நடந்தால் விரல் துறைத்தலைவரை நோக்கித்தான் நீளும். துறைத்தலைவரின் நிலை உண்மையிலேயே இக்கட்டானது. பொறுப்பு அவருடையது, பணப்பெட்டி வேறொருவருடையது. புகைபோக்கி அறை பழுதாகிவிட்டது என்று அவர் சொல்வார், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லும், இடையில் பருவத்தேர்வு வந்துவிடும், ப்ராக்டிகலை நடத்தியே ஆக வேண்டும். இந்த இடத்தில் அவரைக் காப்பது அவர் எழுதும் கடிதம் ஒன்றுதான். இன்ன கருவி பழுது, அது சரியாகும் வரை இன்ன செய்முறையை நிறுத்தி வைக்கிறேன் என்று தேதியிட்டு முதல்வருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். வாயால் பத்து முறை சொன்னாலும் வழக்கில் அது நிற்காது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் 106ஆம் பிரிவு, பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவித்தால் 125, நச்சுப்பொருளை அலட்சியமாகக் கையாண்டால் 286. கேட்டும் கிடைக்காமல் செய்முறையை நிறுத்தியவரும், ஆபத்தென்று தெரிந்தே நடத்தியவரும் இந்தப் பிரிவுகளுக்கு முன் ஒரே நிலையில் இல்லை.

கெமிக்கல் லேபின் ஆபத்து பெரும்பாலும் வெடித்துச் சிதறுவதில்லை. அது மெதுவாக, ஆவியாக வரும். திரவ ஓட்டத்தை அளக்கும் ஆரிஃபைஸ், வென்ச்சுரி மீட்டர்களில் பொருத்திய பழைய மேனோமீட்டர்களில் பாதரசமோ கார்பன் டெட்ராகுளோரைடோ இருக்கும். கண்ணாடி உடைந்து பாதரசம் தரைப் பிளவுக்குள் இறங்கிவிட்டால், அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டே இருக்கும். அங்கே தினமும் நிற்கும் லேப் அட்டெண்டரின் நுரையீரலுக்குத்தான் அது முதலில் போகும். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஓசோன் படலத்தையும் அது அழிப்பதால், மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகமே கைவிட்டுவரும் பொருள் அது. பல பழைய கையேடுகளில் திரவப் பிரித்தெடுப்புச் செய்முறைக்குப் பென்சீன் என்றே இருக்கும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. பென்சீன் இடத்தில் டொலுவீனோ எத்தில் அசிட்டேட்டோ வைத்து அதே கோட்பாட்டைச் சொல்லித்தரலாம். பாதரச மேனோமீட்டருக்குப் பதில் டிஜிட்டல் மானி வைக்கலாம். பாடத்திட்டம் கேட்பது கோட்பாட்டை, குறிப்பிட்ட அந்த நச்சை அல்ல. துறைத்தலைவர் மனது வைத்தால் ஒரே பருவத்தில் செய்துவிடக்கூடிய மாற்றம் இது. ஏன் இன்னும் பழைய திரவமே இருக்கிறது என்று மாணவர் கேட்டால் அதை மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெடிப்பும் நடக்காமல் இல்லை. 2018 டிசம்பர் 5 அன்று இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தின் அதிவேக அதிர்வலை ஆய்வகத்தில் வாயு சிலிண்டர் வெடித்து ஒரு இளம் ஆராய்ச்சியாளர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். நாட்டின் மிகச் சிறந்த நிறுவனங்களில் ஒன்றில் நடந்தது இது. அமெரிக்காவில் 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றுப்பட்டாலே தீப்பற்றும் ஒரு இரசாயனத்தைச் சிரிஞ்சில் எடுத்த 23 வயதுப் பெண் உடல் கருகி, சில வாரங்களில் இறந்தார். லேப் கோட் போடவில்லை, உடுத்தியிருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. அந்த ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் குற்ற வழக்கு தொடரப்பட்டது. பாலியஸ்டர் சுடிதாரும் தொங்கும் துப்பட்டாவுமாக லேபுக்குள் பிள்ளைகளை விடும் நம் ஊர்க் கல்லூரிகள் கவனிக்க வேண்டிய வழக்கு அது. பருத்தி லேப் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லும் ஆசிரியரைக் கடுமையானவர் என்று பெற்றோர் குறை சொல்லக் கூடாது.

அமிலம் பட்டுவிட்டால் முதல் சில நிமிடங்களில் செய்வதுதான் பார்வையையும் தோலையும் காப்பாற்றும். உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், நனைந்த துணியைக் களைந்துவிட வேண்டும். அமிலத்தை முறிக்கக் காரத்தை ஊற்றக் கூடாது, அதனால் எழும் வெப்பம் இன்னொரு காயமாகும். கண்ணில் பட்டிருந்தால் இமையைத் திறந்து பிடித்தபடி கழுவிவிட்டு மின்டோ கண் மருத்துவமனைக்கும், தீக்காயம் பெரிதென்றால் விக்டோரியா மருத்துவமனையின் மகாபோதி தீக்காயப் பிரிவுக்கும் கொண்டுபோகலாம். லிங்கராஜபுரத்துக்காரர்களுக்கு முதலுதவிக்குச் சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனை இருக்கிறது. பட்ட இரசாயனத்தின் பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், பாட்டிலின் லேபிளைப் போனில் படம் எடுத்துப் போனால் போதும். உள்ளே போயிருந்தால் எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற எண்ணில் பேசலாம், கட்டணமில்லை. இந்த எண் லேபின் சுவரில் எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்த கரைப்பானைத் தொட்டியில் ஊற்றிவிடும் பழக்கமும் குற்றமே. ஆபத்தான கழிவுகளைத் தனியே சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த இடத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்கின்றன 2016 விதிகள்.

லேபை விட்டுத் தொழிற்சாலைக்குப் போகும்போது நிலைமை வேறு, பலர் ஏமாறுவதும் அங்கேதான். டிப்ளமோ முடித்தபின் அப்ரன்டிஸாகச் சேர்ந்தால் 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் துணை நிற்கும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஆபத்தான தொழில்களோடு தொடர்புடைய பயிற்சிப் பிரிவுகளில் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். தொழிலாளிக்குச் சட்டம் தரும் உடல்நல, பாதுகாப்பு விதிகள் அப்ரன்டிஸுக்கும் பொருந்தும், பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தரும் கடமை முதலாளிக்கு உண்டு. 2019இல் திருத்திய விதிகள் டிப்ளமோக்காரருக்கு மாதம் 8,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை வைத்தன. ஆனால் படிக்கும்போதே சில வாரங்கள் போகும் இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஒரு மருந்துத் தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையோடு நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை தொழிலாளியும் அல்ல, அப்ரன்டிஸும் அல்ல. விபத்துக் காப்பீடு உண்டா, உள்ளே யார் மேற்பார்வை, ஹெல்மெட், கண்ணாடி, முகமூடி யார் தருவார்கள் என்று துறைத்தலைவர் தொழிற்சாலையிடம் எழுத்தில் வாங்காமல் அனுப்பக் கூடாது. அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பெற்றோர் தயங்க வேண்டாம். கல்விச் சுற்றுலாவாக அனுப்பினாலும் பொறுப்பு கழிந்துவிடாது. 1995இல் பியாஸ் ஆற்றில் டல்ஹௌசி பப்ளிக் ஸ்கூல் மாணவர்கள் 14 பேர் மூழ்கி இறந்த வழக்கில், பள்ளியின் கவனக் கடமை தவறியதாகச் சொல்லி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கட்டண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) இந்த ஆண்டு இந்தப் பாடப்பிரிவுக்கு அனுமதி தந்திருக்கிறதா என்று அதன் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் விதி. அசல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு மிரட்ட எந்தக் கல்லூரிக்கும் அதிகாரம் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி உதவித்தொகை டிப்ளமோவுக்கும் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாணவர் குறைந்து கெமிக்கல் பிரிவை மூடுவதாக நிர்வாகம் சொன்னால் உடனே மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்க வழி செய்யாமல் ஒரு பிரிவை நினைத்தபடி நிறுத்திவிட முடியாது.

புகார் என்று வரும்போது பலர் முதலில் நினைப்பது நுகர்வோர் நீதிமன்றம். அதை நம்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. முதலில் போக வேண்டிய இடம் கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழு. ஏஐசிடிஇயின் 2019 விதிகளின்படி அது இருந்தே ஆக வேண்டும், அங்கே தீராவிட்டால் அதற்கு மேல் குறைகேள் அதிகாரி உண்டு. ராகிங் என்றால் 1800-180-5522 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம். பாலியல் தொல்லைக்கு 2013 சட்டத்தின்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டாலே கல்லூரியின் அக்கறை தெரிந்துவிடும்.

விபத்தில் பிள்ளைக்கு நிரந்தர ஊனம் வந்துவிட்டால் விஷயம் நீதிமன்றம் வரை போகும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தங்கள் உரிமையைக் கைவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. பதினாறு வயது டிப்ளமோ மாணவர் சட்டப்படி குழந்தைதான், அவருக்கு அது உரிமை. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் இயங்கும் மாநில ஆணையத்துக்கு நேரில் போகலாம். போகும்போது மருத்துவமனைச் சீட்டு, கல்லூரிக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை நகல், லேப் ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்திட்ட அன்றைய தேதிப் பக்கம், இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். அமில ரிஜிஸ்டரின் நகலைக் கல்லூரியிடம் வக்கீல் கேட்டு வாங்கிக்கொள்வார்.