இந்த ஆங்கில வாக்கியம் சரியா?

“வாட் ஆர் யூ லுக்கிங் அட்?” “எதைப் பார்க்கிறாய்?” என்று கேட்கும் எளிய ஆங்கில வாக்கியம் இது. இதன் இறுதியில் ‘அட்’ என்னும் முன்னிடைச்சொல் தனித்து நிற்பதைக் கவனியுங்கள். அவ்வாறு முடிப்பது பிழை என்று சில இலக்கணப் பாடநூல்கள் கூறிவந்திருக்கின்றன. அவ்விதிக்கு அஞ்சி “அட் வாட் ஆர் யூ லுக்கிங்?” என்று மாற்றினால், ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் கேட்காத ஒரு கேள்வி பிறக்கிறது. அப்படியானால் தீர்ப்புச் சொல்லவேண்டியது யார்?

விதியின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். 1672-இல் ஜான் டிரைடன் என்னும் கவிஞர், தமக்கு முந்திய நாடகாசிரியரான பென் ஜான்சனின் வரியொன்றில் இவ்வமைப்பைக் குறையெனச் சுட்டினார். தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. நாடகக் கவிதை பற்றி 1668-இல் தாம் வெளியிட்ட நூலை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது, இத்தகைய இடங்களைத் தேடித் திருத்தினார். கற்றோருக்கு இலத்தீன் மொழியே அளவுகோலாயிருந்த காலம் அது. இலத்தீனில் முன்னிடைச்சொல் தன் பெயரைப் பிரிந்து கடைசியில் நிற்பதில்லை. 1762-இல் இலக்கணம் எழுதிய இராபர்ட் லௌத் இதைத் தடை செய்யவில்லை. பேச்சுக்கு இது இயல்பு, உயர்ந்த நடைக்கு முன்னே வைப்பதே அழகு என்ற அளவில் நின்றார். அதைச் சொல்லும்போதே தம் வாக்கியத்தின் ஒரு பகுதியை முன்னிடைச்சொல்லில் முடித்தும் விட்டார்! பின்வந்த பாடநூல்கள்தாம் அழகைச் சட்டமாக்கின.

தமிழருக்கு இவ்வமைப்பு வியப்பூட்டுவது இயற்கையே. ‘எதை’ என்பதிலுள்ள ‘ஐ’ உருபைப் பிரித்து வாக்கியத்தின் கடைசியில் வைக்க நம்மால் முடியாது. ஆங்கிலத்தில் முடியும்.

இனி வேறுவகை விதியொன்றைக் காண்போம். “ஆர் யூ ரெடி?” என்று ஒருவர் கேட்கிறார். “யெஸ், ஐ ஆம்” என்பது விடை. ‘ஐ ஆம்’ என்பதைச் சுருக்கி ‘ஐம்’ என்று பேசுவது ஆங்கிலேயரின் வழக்கம்தானே? “ஐம் ரெடி” என்பார்கள்; “நோ, ஐம் நாட்” என்றும் சொல்வார்கள். ஆனால் “யெஸ், ஐம்” என்று அவர்கள் வீட்டுக் குழந்தைகூட நிறுத்தாது. காரணம் இதுதான்: விடையில் ‘ரெடி’ என்ற சொல் மறைந்திருக்கிறது. மறைந்த சொல்லுக்கு முன் நிற்கும் ‘ஆம்’ அழுத்தம் பெறுவதால் அது குறுகாது. இவ்விதியை யாரும் அக்குழந்தைக்குக் கற்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டே அது மனத்தில் அமைந்துவிட்டது. இப்படிப் பேசுவோர் எவரும் ஏற்காத வாக்கியத்தின் முன்னால் மொழியியலார் ஒரு நட்சத்திரக் குறி இடுவர். டிரைடன் கண்ட ‘குற்ற’த்துக்கு அவர்கள் அந்தக் குறியை இடுவதில்லை.

நம் மாணவர் எழுதும் “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” எந்த வகை? ‘ஹேவிங்’ என்ற வடிவமே தவறென்று சிலர் நினைக்கின்றனர். “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” முற்றிலும் சரியே. உண்பது நடந்துகொண்டிருக்கும் செயல். சகோதரர் இருப்பது செயலன்று, நிலை. நிலையைக் குறிக்கும்போது பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் “ஐ ஹேவ்” என்றே சொல்வர். இந்தியாவில் பலர் ‘ஹேவிங்’ என்று பேசுவதால், இது பிழையன்று, இந்திய ஆங்கிலத்தின் வழக்கு என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், தேர்வுத்தாளில் நீங்கள் “ஐ ஹேவ்” என்றே எழுதுங்கள்.