மீன்களுக்கு வீடு மாற்றும்போது

இடமாற்ற உத்தரவு வந்து ஊர் விட்டு ஊர் வீடு மாற்றிய அனுபவம் தில்லித் தமிழர்களில் அநேகருக்கு உண்டு. சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கினால் மட்டும் குடித்தனம் நடந்துவிடாது. பால், தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்பாடான பிறகே புது வீடு வீடாகும். தொட்டி மீன்களுக்கும் இதே கதைதான். மூன்று தங்கமீன்களைப் பறிகொடுத்த பிறகே இது எனக்குப் புரிந்தது.

பேத்தியின் மீன்கள் வளர்ந்து, சின்னத் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் போயிற்று. மூன்றடி நீளத்தில் புதுத்தொட்டி வாங்கினேன். எதிலும் சுத்தம் வேண்டும் என்று பழகியவன் நான். பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்தேன். கூழாங்கற்களை வெந்நீரில் அலசினேன். புதுத் தண்ணீர் நிரப்பி அன்றே மீன்களை விட்டேன். தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து மூச்சுத் திணறின. ஒரு வாரத்தில் மூன்றும் போயின. "சுத்தமாத்தானே வச்சிருந்தோம் தாத்தா?" என்று குழந்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத விஷம் அது. தொட்டியில் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷமே, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதன் தீங்கு மிகக் குறைவு. அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கற்களிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே பழைய தண்ணீரைக் கொண்டு போய் ஊற்றினால் போதும் என்பது தவறான எண்ணம். புதுத்தொட்டியில் இவை தாமாகப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நான் அழுக்கென்று நினைத்துக் கழுவிய வழவழப்பில்தான் அவை இருந்தன. கசக்கியதில் தப்பியவற்றையும் குழாய்த் தண்ணீரின் குளோரின் கொன்றிருக்கும்.

ரயில்வேயில் ஜல்லியைச் சலித்துப் போட்ட பாதையில் உடனே முழு வேகத்தில் வண்டியை விடமாட்டோம். வேகக் கட்டுப்பாடு போடுவோம். ஜல்லி இறுக இறுகப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவோம். இத்தனை வருடம் அந்த வேலையைப் பார்த்தவனுக்கு மீன் தொட்டியில் அது தோன்றவில்லை!

இனி செய்முறை. முதலில் எடைக் கணக்கு. 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரம் என்றால் 4½ கன அடி. ஏறத்தாழ 127 லிட்டர். தண்ணீர் மட்டுமே 127 கிலோ! ஸ்டாண்டு உறுதியாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, அடியில் தெர்மோகோல் விரித்துத் தொட்டியை வையுங்கள்.

இடம் இருந்தால், புது ஃபில்டரை ஒரு மாதம் முன்பே பழைய தொட்டியில் போட்டு ஓடவிடுங்கள். பாக்டீரியா அதில் குடியேறிவிடும். முடியாவிட்டால் பழைய ஸ்பாஞ்சைப் புதிய ஃபில்டருடன் சேர்த்து இரண்டு மாதம் வைத்திருங்கள்.

புதுத்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று கிடைக்கும் மருந்தை அளவுப்படி ஊற்றி, இரண்டு நாள் ஓடவிட்டுக் கசிவு பாருங்கள். தில்லியில் ஜனவரியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ஜில்லென்றிருக்கும். மே மாதம் கொதிக்கும். இரண்டு தொட்டிகளின் வெப்பமும் ஒத்துப்போக இந்த இரண்டு நாள் உதவும்.

மாற்றுவதற்கு முதல் நாள் தீனி வேண்டாம். வலையைவிட மக்கினால் மீனைத் தண்ணீரோடு அள்ளுவது நல்லது. பிளாஸ்டிக் பையில் விட்டு, பையைப் புதுத்தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தம்ளராகப் புதுத் தண்ணீரைப் பையில் சேர்த்து, அரைமணி கழித்து மீனை மட்டும் விடுங்கள். பழைய ஸ்பாஞ்சையும் கற்களையும் ஈரம் காயாமல் உடனே புதுத்தொட்டிக்குள் போடுங்கள். அன்று விளக்கு வேண்டாம். மூடி கட்டாயம் வேண்டும். புது இடத்தில் மிரண்ட மீன் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். சொட்டுமருந்து போல வரும் சோதனைப் பொருளால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இனிமேல் ஸ்பாஞ்சைக் கழுவும்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெல்ல அலசினால் போதும்.

அடுத்த முறை இப்படித்தான் செய்தேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஸ்பாஞ்சு மட்டும் பழுப்பாகவே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "கழுவக் கூடாதா, சார்?" என்று கேட்டால், என் பேத்தி முந்திக்கொண்டு காரணம் சொல்கிறாள்.